பத்து நிமிடப் பேச்சுக்காக இரண்டு வருடம் ஸ்பானிஷ்

எங்கள் வீடு பெங்களூரு அல்சூரில், கௌதம்புராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீலேவுக்குச் சிலை வைத்து, ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வாங்கிய பகுதி அது. 2024 ஜனவரியில் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் அங்கே இருக்கும் மாமா, “பிரேசில்காரங்க பேசுறதுதானே?” என்று ஆசையாகக் கேட்டார். இல்லை மாமா, அவர்கள் பேசுவது போர்த்துகீஸ், இது மெஸ்ஸி பேசுவது என்றேன். “அப்போ எதுக்குடா அது?” என்று எழுந்து போய்விட்டார்.

ஆபீஸுக்குத்தான். எங்கள் டீமில் பாதிப் பேர் கொலம்பியாவின் பொகோட்டாவில் இருக்கிறார்கள். நமக்கு மாலை ஏழரை என்றால் அங்கே காலை ஒன்பது. வீடியோ கால் தொடங்கியதும் முதல் பத்து நிமிடம் அவர்களுக்குள் மேட்ச், சைக்கிள், மலையேற்றம் என்று பேச்சு ஓடும். அப்புறம் எனக்காக இங்கிலீஷுக்கு மாறுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் வாய் திறந்தால் போதும் என்பதே என் ஆசை. ஓட்டலில் ரூம் கேட்பதோ ஏர்போர்ட்டில் வழி கேட்பதோ எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் நான்கு மாதம் ஓர் இலவசச் செயலி. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோவில் காதில் மாட்டிக்கொண்டு போவேன். ஒருநாள்கூட விடவில்லை. வார்த்தைகள் சேர்ந்தன, காது பழகியது. ஆனால் பொம்மையைக் கிளி தின்றது என்கிற பாணி வாக்கியங்களை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது?

அடுத்து இந்திராநகரில் ஒரு வார இறுதி வகுப்பு. எட்டு வாரத்துக்குப் பணம் கட்டினேன். ஐந்தாவது வாரம் டீச்சர் வேலையை விட்டுவிட்டார், மீதிக்கு வீடியோக்களை அனுப்பி முடித்துக்கொண்டார்கள். பணம் திரும்ப வரவில்லை. அந்த டீச்சர் நடத்திய ஐந்து வாரம் மட்டும் தங்கம்.

அங்கேதான் ‘மெ குஸ்தா’ வந்தது. ‘மெ குஸ்தா எல் ஃபுட்போல்’ என்றால் கால்பந்து பிடிக்கும் என்று பொருள். இங்கிலீஷ் வழியாக இதை விளக்கினால் தலை சுற்றும். பிடிப்பது நான் இல்லையாம், கால்பந்துதான் எனக்குப் பிடித்தம் தருகிறதாம். வகுப்பே விழித்தது. நான் நோட்டில் அதற்குக் கீழே ‘எனக்குக் கால்பந்து பிடிக்கும்’ என்று எழுதினேன். ‘மெ’ என்றால் ‘எனக்கு’. அவ்வளவுதான்! நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தானே பேசுகிறோம். இதைத் தமிழ் வழியாகச் சொல்லித்தர ஓர் ஆள் இருந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இதே மாதிரி நிறைய. இங்கிலீஷில் ஃபுட்பாலும் கிதாரும் ஒரே ‘பிளே’. நாம் ஒன்றை விளையாடுகிறோம், மற்றதை வாசிக்கிறோம். அவர்களும் அப்படியே பிரிக்கிறார்கள்: ‘ஹுவேகோ அல் ஃபுட்போல்’, ‘தோகோ லா கிதார்ரா’. இரண்டிலும் ‘நான்’ சொல்லத் தேவையில்லை, விளையாடுகிறேன் என்பதில் நான் இருப்பது போல வினையிலேயே ஆள் தெரிந்துவிடும். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்களுக்குள்கூட ‘உஸ்தெத்’, அதாவது ‘நீங்கள்’, சகஜம். ‘எஸ்பாஞா’வில் வரும் ‘ஞா’வுக்கு வகுப்பில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முயன்றபோது நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் இருக்கின்றன. பிடித்தது பல என்றால் ‘குஸ்தான்’ என்று மாற்ற வேண்டும். நமக்கு ஒன்றானாலும் பத்தானாலும் ‘பிடிக்கும்’தான், அதனால் இன்னும் மறக்கிறேன். அதைவிடப் பெரிய தப்பு, நோட்டு முழுக்கத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்தது. ஸ்பானிஷில் பந்து வலைக்குள் போனாலும் கோல், முட்டைக்கோஸும் கோல். முதல் எழுத்தின் ஒலியில் (gol, col) மட்டும்தான் வித்தியாசம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. 200 பக்க நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் எழுத்திலேயே மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இதை ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள்.

முதன்முதலாக வாய் திறந்தது 2024 ஜூலை 15 மாலை. அன்று காலைதான் கோபா அமெரிக்கா கால்பந்து இறுதிப்போட்டியில் கொலம்பியா அர்ஜென்டினாவிடம் 1-0 என்று தோற்றிருந்தது. 112-வது நிமிடத்தில் லௌதாரோ மார்த்தினெஸ் அடித்த கோல். அன்றைய வீடியோ கால் முழுக்கச் சாவு வீட்டு அமைதி. ‘லோ சியெந்தோ’ என்றேன், வருத்தமாக இருக்கிறது என்று. அவ்வளவுதான், ஒருவர் ஐந்து நிமிடம் கொட்டித் தீர்த்தார். எனக்குப் புரிந்தது கோல், நடுவர், மழைபோல ஏதோ திட்டு.

தைரியம் வந்து அடுத்த வாரமே உளறினேன். கிரிக்கெட்டுக்கு அகராதியில் ‘கிரிஜோ’ என்று போட்டிருந்தது. ஞாயிறு காலையில் அதை விளையாடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார்கள், அது ராத்திரியில் கத்தும் சில்வண்டாம். விளையாட்டுக்குப் பெயர் ‘கிரிக்கெத்’தான்.

பொழுதுபோக்குப் பேச்சில் சுகமே, வார்த்தையோடு ஊரும் வந்துவிடுவது. பொகோட்டாவில் ஞாயிறுதோறும் ‘சிக்லோவியா’ என்று நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளைக் காருக்கு மூடி, சைக்கிளுக்கு விடுகிறார்கள். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக்கில் நின்றவன் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? ரசிகருக்கு ‘இஞ்சா’ என்று பெயர். ‘இஞ்சார்’ என்றால் காற்றடிப்பது. உருகுவேயில் ஒரு கிளப்புக்குப் பந்தில் காற்றடித்துக் கொடுத்தவர் மைதானத்தில் போட்ட கூச்சலில் பிறந்த சொல் என்பார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது எனக்கு யோகம். செஸ்ஸுக்கு ‘அஹெத்ரெஸ்’, நம் சதுரங்கம்தான் பாரசீகம், அரபு வழியாக நடந்து அங்கே போய் இப்படி ஆகியிருக்கிறது. பதினெட்டு வயது, சென்னைப் பையன், உலக சாம்பியன் என்று மூன்று வாக்கியம் தப்பில்லாமல் சொன்னேன். விஸ்வநாதன் ஆனந்த் பல வருடம் ஸ்பெயினில் வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது நிலைமை: நான் பேசுவது அவர்களுக்குப் புரிகிறது, அவர்கள் எனக்காக மெதுவாகப் பேசினால் முக்கால்வாசி பிடிபடுகிறது. அவர்களுக்குள் பேசினால் பாதி போய்விடும். மேட்ச் வர்ணனை சுத்தமாகப் புரியாது. கடந்த காலத்தில் தடுமாறுகிறேன், ‘நேற்று விளையாடுகிறேன்’ என்றே பல நாள் ஓட்டினேன். பரீட்சை எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியாவது பேச வேண்டும் என்ற நச்சரிப்பு உள்ளவருக்கு இந்தக் குறுக்கு வழி சரிப்படும். வேலைக்கோ படிப்புக்கோ என்றால் நல்ல டீச்சரைப் பிடித்து முறையாகப் படிப்பதே நல்லது.

போன வாரம் வீடியோவில் என் பின்னால் சுவரில் சாய்த்திருந்த பலகை என்ன என்று கேட்டார்கள். கேரம். பில்லியர்ட்ஸ் மாதிரி, ஆனால் விரலால் என்று சமாளித்துவிட்டேன். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்ததாக ஃபாலோ போட வேண்டும் என்று விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.