அசைன்மென்டா, ப்ராஜெக்டா, களக் குறிப்பேடா? கையிலிருக்கும் பத்து மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது

இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல் (காஸ்ட் அக்கவுண்டிங்) எடுக்கிறேன். இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75. அந்த 25இல் 15 டெஸ்டுக்குப் போய்விடும். மிச்சம் இருக்கும் 10தான் ஆசிரியர் கையில். மாணவர்கள் சொந்தமாக யோசிக்க இடம் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பத்துக்குள்தான் கொடுத்தாக வேண்டும். அசைன்மென்ட், குழு ப்ராஜெக்ட், களக் குறிப்பேடு என்று மூன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது களக் குறிப்பேட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அசைன்மென்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது எப்போதும் இருந்ததுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு அதற்கும் தேவையில்லாமல் போய்விட்டது. ஒரு வசதி உண்டு: கொடுப்பதும் வாங்குவதும் சுலபம், ஃபைலில் கோப்பதும் சுலபம். கற்றலைப் படிப்படியாகப் பிரித்து ‘உருவாக்கல்’ என்ற படியை மேலே வைக்கும் ப்ளூம் வரிசையைத்தான் (1956இல் வந்தது, 2001இல் திருத்தப்பட்டது) நம் கேள்வித்தாள்களில் கே1 முதல் கே6 வரை போடுகிறோம். ஆனால் “இறுதிநிலை அடக்கவிலையை விளக்குக” என்ற கேள்விக்குப் பக்கத்தில் கே6 என்று எழுதினாலும் அது மனப்பாடக் கேள்விதான்.

குழு ப்ராஜெக்ட் அப்படியில்லை. பிள்ளைகள் ஓடியாடிச் செய்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் மீன் ஏலக்கடையில் நின்று பேசி விவரம் வாங்கி வருகிறான். ஒரு வருடம் ஒரு குழு விசைப்படகின் வரவுசெலவை எடுத்துக்கொண்டது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியைப் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிப்பதை நன்றாகவே எழுதியிருந்தார்கள். தெர்மாகோலில் படகும் செய்து வைத்தார்கள். வைவாவில், “வலை கிழிந்தால் அந்தச் செலவு யார் பங்கில் ஏறும்?” என்று கேட்டேன். ஐந்து பேரில் நான்கு பேர் ஒருவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அருமையாகப் பதில் சொன்னான். ஆனால் அந்தப் பதில் ரிப்போர்ட்டில் இல்லை. அடுத்த வாரம் செமஸ்டர் தேர்வு. நல்ல கேள்வியும் நல்ல பதிலும் கிடைத்து, அதை வைத்து மேலே எதுவும் செய்ய நேரமில்லாமல் முடிந்துபோனது.

குழுவுக்கு இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு, பஸ். தொண்டிப் பக்கம் போகிறவரும் சாயல்குடிப் பக்கம் போகிறவரும் கல்லூரி விட்டதும் ஆளுக்கொரு திசையில் கிளம்ப வேண்டும். கூடி உட்கார நேரம் கிடைப்பதில்லை. விடுதி உள்ள கல்லூரிகளில் இது வேறு மாதிரி இருக்கலாம். நான் ப்ராஜெக்ட் கொடுத்தது இறுதியாண்டுக்கு மட்டும்தான். ஆய்வகம் உள்ள துறைகளில் அது எப்படிப் போகும் என்பதில் எனக்கு அனுபவம் கிடையாது.

சரி, களக் குறிப்பேடு. நூறு பக்க நோட்டு ஒன்று. செமஸ்டர் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு அருகில் நடக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்ள வேண்டும்: நாட்டுப்படகு, கருவாடு, உப்பு, கருப்பட்டி, முண்டு மிளகாய், டீக்கடை, எதுவானாலும் சரி. வாரம் ஒரு பக்கமாவது பார்த்ததை எழுத வேண்டும். பாடத்தில் படித்த ஒன்று அங்கே பொருந்துகிறதா, எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். பொருந்தாத இடம்தான் எனக்கு வேண்டியது. தமிழிலேயே எழுதலாம். எங்கள் வகுப்பு ஆங்கில வழி என்பதால் இதற்கு முதலில் தயக்கம் இருந்தது, இப்போது இல்லை. ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி நிறுத்திக்கொள்ளும் பிள்ளை தமிழில் இரண்டு பக்கம் வாதாடுகிறது.

காப்பியடிக்கவும் வழியில்லை. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் தொழில் நடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகிவிடும். பாம்பனிலேயே வடகரையில் வீடு உள்ளவருக்கும் தென்கரையில் வீடு உள்ளவருக்கும் ஒரே மாதத்தில் வேறு வேறு கணக்குதான் வரும்.

ஆனால் நான் குறிப்பேட்டின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இவை எதுவுமில்லை. திருத்தும் வேலைதான் காரணம். படைப்பாற்றலை வளர்க்கிறோம் என்று தொடங்கும் எந்த முறையும் நின்றுபோவது இந்த இடத்தில்தான். முதல் செமஸ்டர் உற்சாகமாக நடக்கும். இரண்டாவது செமஸ்டரில் ஆசிரியருக்கு முடியாது. மூன்றாவதில் பழையபடி அசைன்மென்ட் வந்துவிடும்.

60 பேர் உள்ள வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்தால் 12 ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஒவ்வொன்றும் நாற்பது பக்கம். அத்தனையும் கடைசி வாரத்தில் மேசைக்கு வரும். படிக்கிறோம், மார்க் போடுகிறோம், ஓரத்தில் எழுதுவதைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. குறிப்பேட்டில் அதே வேலை செமஸ்டர் முழுக்கப் பரவிவிடுகிறது. வாரம் 15 நோட்டு மட்டும் வாங்குகிறேன். ஒரு நோட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். நான்கு வாரத்தில் வகுப்பு முழுதும் ஒரு சுற்று வந்துவிடும். எழுத்துப்பிழை திருத்துவதில்லை, டிக் போடுவதில்லை. பென்சிலில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். மார்க் கிடையாது.

“மார்க் போடாம குடுத்தா எப்படி சார், நல்லா எழுதிருக்கமா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று முதல் சுற்றில் எல்லோரும் கேட்பார்கள். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரு பிரிவுக்குக் கருத்து மட்டும், இன்னொரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். கருத்து மட்டும் வாங்கியவர்கள்தான் மேலே போனார்கள். ஆர்வமும் அவர்களுக்குத்தான் நின்றது. இரண்டும் வாங்கியவர்களுக்குக் கருத்தினால் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்கவில்லை. அவர் பார்த்தது பள்ளிப் பிள்ளைகளை, அதை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனாலும் என் வகுப்பில் கண்டது அதற்கு மாறாக இல்லை. மார்க் இருந்தால் கண் மார்க்குக்குத்தான் போகும்.

ஒரு நோட்டைச் சொல்கிறேன். அந்த மாணவியின் அம்மாச்சி தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். முதல் பக்கங்களில் விரலில் சுற்றும் துணி, கண்ணாடி, காலில் கட்டும் தகடு, பாசி போடும் பை, படகுக்கூலி என்று செலவெல்லாம் வரிசையாக இருந்தன. மாதக் கணக்கு சரியாக வரவில்லை என்று அவளே கோடு போட்டு அடித்துவிட்டு, ஒரு பக்கம் அமாவாசை, மறுபக்கம் பௌர்ணமி என்று பிரித்திருந்தாள். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதம் 12 நாள் மட்டும் போவதென்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். கணக்கு காலம் அவர்கள் தொழிலை ஒட்டி இருக்க வேண்டும், காலண்டரை ஒட்டி அல்ல என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் பென்சிலில் எழுதியது இவ்வளவுதான்: “போகாத நாட்களை எந்தத் தலைப்பில் எழுதுவாய்?”

அடுத்த சுற்றில் நோட்டு வந்தபோது நான்கு பக்கம் எழுதியிருந்தாள். பாடத்தில் வேலையற்ற நேரம் (கூலி உண்டு, வேலை நடக்காது) இரண்டு வகை: இயல்பானது உற்பத்திச் செலவில் சேரும், அசாதாரணமானது இலாபநட்டக் கணக்குக்குப் போகும். காற்றடித்துப் போகாத நாளை முதல் வகையில் வைத்தாள். போகக் கூடாது என்று அவர்களே முடிவெடுத்த நாள் இரண்டிலும் சேராது என்று வாதம் செய்திருந்தாள். அந்த நாட்களில் பாசி திரும்ப வளர்கிறது. ஆகவே அது சும்மா கிடந்த நேரமல்ல, சொத்தைப் பராமரிக்கும் செலவு. இயந்திரத்துக்கு எண்ணெய் போட நிறுத்தும் நேரத்தை எப்படிக் கணக்கு வைப்போமோ அப்படி வைக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் பாடநூலிலும் நான் படித்ததுமில்லை. முதல் பக்கங்களுக்கு பத்துக்கு ஏழு போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த நான்கு பக்கம் வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லா நோட்டும் இப்படி வராது. பாதிக்கு மேல் வெறும் விலைப்பட்டியல்தான். ஆனால் பட்டியல் எழுதுகிறவரும் மூன்றாவது சுற்றில் ஒரு கேள்வியாவது தானாகக் கேட்கிறார். பரமக்குடிப் பக்கத்து மாணவன் ஒருவன் மிளகாய் காயக் காய எடை குறைவதை எழுதிக்கொண்டே வந்து, எந்த எடையில் விற்றால் கூலிக்குக் கட்டுப்படியாகும் என்று தானே ஒரு அட்டவணை போட்டான்.

கடைசியில் மதிப்பெண் போட்டாக வேண்டும். அங்கேதான் குறிப்பேடு பலவீனமானது என்று சொல்வார்கள்: இரண்டு வரியில் விடை உள்ள தேர்வைப் போல இதை நியாயமாகத் திருத்த முடியாதே என்று. உளவியலாளர் தெரசா அமாபிலி 1982இல் முன்வைத்த முறை இதற்குக் கைகொடுக்கிறது. அந்தத் துறை தெரிந்த பலர், ஒருவரை ஒருவர் கலக்காமல், படைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடுவது. எங்களால் இயன்ற அளவில் அதைச் செய்கிறோம். மாணவர் தன் நோட்டில் சிறந்ததென்று நினைக்கும் மூன்று பக்கங்களையும், செமஸ்டரில் தன் எண்ணம் எங்கே மாறியது என்று ஒரு பக்கத்தையும் தருகிறார். நானும் சக ஆசிரியர் ஒருவரும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறோம். உச்சியிலும் அடியிலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது; நடுவில் ஒத்துப்போகாத நோட்டுகளை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். ஃபைலுக்கு ரூப்ரிக் (மதிப்பிடும் அளவுகோல்) வேண்டும் என்பதால் கவனிப்பு, சொந்தக் கேள்வி, மாறிய எண்ணம் என்று மூன்று தலைப்பு வைத்திருக்கிறேன். ‘படைப்பாற்றல்’ என்று தனியாக ஒரு கட்டம் வைத்தால், அட்டைப்படத்துக்கு ஜரிகை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாவது ஆசிரியர் கிடைக்காத துறையில் இந்தப் பகுதி ஆட்டம் காணும். வகுப்பு இரண்டு மடங்கானால் வாரம் ஒன்றரை மணி நேரம் மூன்றாகும், அது என்னாலும் முடியாது. குறிப்பேடு எழுதியதால் செமஸ்டர் தேர்வின் 75இல் கூடுதலாக வாங்கினார்களா என்பதையும் என்னால் சொல்ல முடியாது. அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் ஜூன் செமஸ்டரில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகு கடலுக்குப் போகும் வாரத்தில் கல்லூரியும் திறந்திருக்கும், எழுத விஷயம் கரை முழுக்கக் கிடைக்கும். டிசம்பர் செமஸ்டரில் கடைசிச் சுற்று தடைக்காலத்தில் மாட்டிக்கொள்ளும். வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில் வரவுசெலவு எழுதச் சொல்வது சில பிள்ளைகளுக்குக் கஷ்டம். இன்னொன்று, ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம், வட்டி, கடன் எல்லாம் நோட்டுக்குள் வரும். யார் பெயரும் எழுதக் கூடாது, படகின் பெயரும் எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருத்தி முடித்ததும் நோட்டைத் துறை அலமாரியில் வைக்காமல் மாணவரிடமே கொடுத்துவிடுங்கள். ஃபைலுக்கு அந்த மூன்று பக்கங்களின் நகல் போதும்.