முகநூல் பக்கமா, வாட்ஸ்அப் குழுவா? விக்கிக்கு ஆள் சேர்த்த அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத மதுரைப் பக்கத்து ஆட்களை இழுக்கலாம் என்று முதலில் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினேன். எட்டு மாதம் ஓட்டிவிட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு மாறினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

கூட்டம் சேர்க்க முகநூல்தான், அதில் பேச்சே இல்லை. யானைமலைப் படம் ஒன்றுக்கு ஐந்நூறு விருப்பக்குறி விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு விக்கிக்கு வந்து, எழுதத் திறக்கும் 'தொகு' பொத்தானை அழுத்தியவர்கள் இரண்டே பேர்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக எழுதுபவரின் முதல் பத்தி பல நேரம் நீக்கப்படும். சான்று இருக்காது, அல்லது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதாக இருக்கும். அன்றைக்கே யாராவது பதில் சொன்னால் ஆள் நிற்பார். முகநூலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் "என் பதிவை ஏன் நீக்கினார்கள்?" என்று கேட்டிருந்தார். நான் பார்த்தபோது நான்கு நாள் ஆகியிருந்தது. அவருடைய பங்களிப்புகள் பக்கத்தில் இன்றும் அந்த ஒரே தொகுப்புதான்.

குழுவில் மேலூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் அரிட்டாபட்டி பற்றி எழுதினார். 2022இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான சேதி. நாளிதழில் வந்த இரண்டு பத்தியை அப்படியே ஒட்டியிருந்ததால் காப்புரிமை காரணம் சொல்லி எடுத்துவிட்டார்கள். "அண்ணே, தூக்கிட்டாங்க. இனிமே நான் வரல" என்று திரைப்பிடிப்போடு செய்தி வந்தது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபடியே குரல்பதிவு அனுப்பினேன்: "சேதியை மட்டும் எடுத்துக்கம்மா, வாக்கியம் உன்னோடதா இருக்கட்டும். கீழே நாளிதழ் பேர், தேதி போடு. மணல்தொட்டில ஒருதடவை எழுதிப் பாரு." மணல்தொட்டி என்பது விக்கியில் எழுதிப் பழகும் பக்கம். பஸ் ஒத்தக்கடை தாண்டுவதற்குள் திருத்திய பத்தி வந்துவிட்டது. இப்போது புதியவர்களுக்கு அவர்தான் பதில் சொல்கிறார்.

குழுவிலும் தொல்லை உண்டு. காலை வணக்கப் படங்களைத் தடுக்கவே ஒரு ஆள் வேண்டும். மூன்று மாதம் முன்பு சொன்ன பதிலைத் தேடினால் கிடைக்காது, திரும்பச் சொல்ல வேண்டியதுதான். படங்கள் விஷயத்தில் இரண்டுமே மோசம். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்து வரும். அதை விக்கிக்கான படங்கள் சேரும் பொதுவகத்தில் (Wikimedia Commons) ஏற்றினால் சொந்தப் படம்தானா என்று சந்தேகப்படுவார்கள். முகநூலில் இறக்கிய படத்துக்கும் அதே கதிதான். எடுத்தவரே தன் மூலக்கோப்பை ஏற்றுவது நல்லது.

இன்ஸ்டாகிராமில் நான் இரண்டு ரீல்தான் போட்டிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் குழுவும் நாற்பது பேர்தான். முந்நூறு பேரானால் இந்த வேகத்தில் பதில் சொல்ல முடியுமா, சந்தேகம்தான்.

முகநூல் பக்கத்தை மூடவில்லை, வாசற்கதவாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். குழு இணைப்பை மட்டும் அங்கே போடுவதில்லை. ஒருமுறை போட்டேன், மறுநாள் காலையில் கிரிப்டோக்காரர்கள் ஆறு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது உட்பெட்டியில் கேட்பவர்களுக்குத்தான்.