வெள்ளைச் சீருடையா, ஐதராபாத் கணினியா?

குளச்சல் சித்தி மகன் கடலியல் படித்துவிட்டுக் கேட்கிறான்: "அண்ணே, நேவியா, இன்காய்ஸா?" இன்காய்ஸ் என்பது ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம்.

நேவி என்றால் கொச்சியில் கடலியல், வானிலைப் பயிற்சி. கடல்நீரின் வெப்பமும் உப்பும் அடுக்குக்கு அடுக்கு மாறும்போது, நீருக்குள் ஒலியால் தேடும் சோனார் கருவியின் ஒலி வளையும். ஒலி எட்டாத அந்த நிழலில் நீர்மூழ்கி பதுங்கிக்கொள்ளும். நிழல் எங்கே விழும் என்று கேப்டனுக்குச் சொல்வதும் இவன் வேலைதான். ருசியான வேலை! ஆனால் ஊர் ஊராக மாற்றல். கண்டறிந்ததைப் பெரும்பாலும் வெளியே எழுத முடியாது.

1999-ல் தொடங்கிய இன்காய்ஸ், மீன் கூடும் இடத்தையும் கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கையையும் நம் கரைக்கே அனுப்புகிறது. 2017 ஒக்கிப் புயலின்போது கடலையே பார்த்து நின்ற பெண்களை நான் மறக்கவில்லை. என் ஓட்டு இதற்குத்தான். அவன் கண்ணோ சீருடை மேல்.