"பேக்கப் சக்சஸ்" மெயிலை நம்பி 39 நாள் கணக்கை இழந்தோம்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். ஆர்டர், நூல் இருப்பு, டையிங்குக்குப் போன துணி, பீஸ் ரேட் கூலி எல்லாமே எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸில் ஓடும் ஒரு ஈ.ஆர்.பி.யில் (கம்பெனிக் கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) தான் இருக்கின்றன. அந்த டேட்டாபேஸைப் பராமரிக்க வெளியாட்களுக்கு ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுத்திருந்தோம். நான்கு ஆண்டுகள் பணம் தவறாமல் போனது. அவர்கள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இதே ஏற்பாட்டில் இருக்கும் கம்பெனிகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன், ஒரு சனிக்கிழமை. இங்கே சனிக்கிழமை என்றால் கூலி நாள். காலை எட்டரைக்கு ஈ.ஆர்.பி. திறக்கவில்லை. சர்வரில் போய்ப் பார்த்தால் டேட்டா கோப்புகள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் ரான்சம்வேர்.

"கவலைப்படாதீங்க சார், டெய்லி பேக்கப் இருக்கு" என்றார்கள் ஏ.எம்.சி.காரர்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு "பேக்கப் சக்சஸ்" என்று மெயில் வரும். மாதம் ஒருமுறை ரிப்போர்ட் வரும், அதில் பாதுகாப்பு என்ற வரிக்கு நேரே பச்சை டிக் இருக்கும். அந்த பேக்கப் கோப்புகள் இருந்தது அதே சர்வரின் டி டிரைவில். இன்னொரு காப்பி, அந்தச் சர்வரோடு எப்போதும் நெட்வொர்க் டிரைவாக இணைந்தே இருந்த ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில். சர்வருக்குள் வந்தவன் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிட்டுப் போயிருந்தான். அந்த மெயிலுக்கு அர்த்தம், பேக்கப் கட்டளை பிழையில்லாமல் முடிந்தது என்பது மட்டும்தான். அந்தக் கோப்பிலிருந்து டேட்டாவைத் திருப்பி எடுக்க முடியுமா என்று நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட யாரும் ரீஸ்டோர் செய்து பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, "பேக்கப் கண்காணிப்பு" மட்டுமே ஏ.எம்.சி.யில் அடக்கம். ரீஸ்டோருக்குத் தனிக் கட்டணம். கையெழுத்துப் போடும்முன் அதைப் படிக்காதது எங்கள் தவறு.

எப்படி உள்ளே வந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். தங்கள் ஆபீஸிலிருந்தபடியே சப்போர்ட் கொடுக்க வசதி என்று சொல்லி, ஏ.எம்.சி.காரர்கள் எங்கள் ரூட்டரில் 1433 போர்ட்டை, அதாவது எஸ்.க்யூ.எல். சர்வருக்குள் போகும் வாசலை, இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட ஐ.பி.க்கு மட்டும் என்ற கட்டுப்பாடுகூட இல்லை. ஈ.ஆர்.பி.யும் இவர்களும் லாகின் ஆனது எல்லா அதிகாரமும் உள்ள எஸ்.ஏ. கணக்கில். அதன் பாஸ்வேர்ட் எங்கள் கம்பெனிப் பெயரின் சுருக்கமும் மூன்று எண்களும். கடினமான பாஸ்வேர்ட் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அமைப்பையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

சர்வர் தன்னில் நடப்பதைக் குறித்து வைக்கும் எர்ரர் லாக் கோப்புகள் தப்பியிருந்தன. திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக 18456 என்ற பிழை எண், அதாவது எஸ்.ஏ. லாகின் தோல்வி. எங்கெங்கோ இருக்கும் ஐ.பி.க்களிலிருந்து, மாதக் கணக்கில், ராத்திரி பகலாக. தோற்ற லாகின்களை மட்டுமே எஸ்.க்யூ.எல். சர்வர் தானாகப் பதியும், வென்றதைப் பதிய நாம்தான் அமைக்க வேண்டும். அதனால் பாஸ்வேர்ட் எப்போது உடைந்தது என்று நேரடியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பதினோரு நாள் முன், அதிகாலை 2:40க்கு ஒரு வரி இருந்தது: எக்ஸ்.பி. சி.எம்.டி.ஷெல் அமைப்பு 0-விலிருந்து 1-க்கு மாற்றப்பட்டது. டேட்டாபேஸுக்குள் இருந்தபடியே விண்டோஸ் கட்டளைகளை ஓட்ட வழிவிடும் வசதி அது. பதினோரு நாள் ஊடுருவியவர்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். அத்தனை நாளும் காலை ஆறு மணி மெயில் வந்துகொண்டுதான் இருந்தது.

புகார் கொடுக்க வேண்டாம், கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று வேறு ஏ.எம்.சி.காரர்கள் சொன்னார்கள். இப்படி நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு அறிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவே இருக்கிறது. அறிவித்தோம். சைபர் கிரைமிலும் புகார் கொடுத்தோம்.

சில நாள் கழித்து, அவர்களிடமே ஏ.எம்.சி. வைத்திருக்கும் இன்னொரு கம்பெனி நண்பரிடம் பேசினேன். அவருடைய எஸ்.ஏ. பாஸ்வேர்டும் அதே மாதிரி: கம்பெனிச் சுருக்கம், பின்னால் அதே மூன்று எண்கள். போனில் அதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் அன்றைக்கே போர்ட்டை மூடி பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது வரித் தணிக்கைக்காக ஆடிட்டர் ஆபீஸ் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துப்போன ஒரு காப்பி. 39 நாள் பழையது. நடுவில் இருந்த சலான்களையும் கூலிச் சீட்டுகளையும் கணக்குப் பிரிவில் இரண்டு பெண்கள் தீபாவளிக்கு முந்தின நாள் வரை உட்கார்ந்து டைப் செய்தார்கள். டையிங் சலான் சில இன்னும் கிடைக்கவில்லை. ஏ.எம்.சி. பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்திலும் முக்கிய டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. அவர்களுடைய பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வி மெயில்கள் யாருக்கும் போய்ச் சேரவே இல்லை. ஏறக்குறைய 6 மணி நேர டேட்டா போனது. ஆனால் அவர்கள் நடந்ததை எல்லோருக்கும் திறந்து காட்டினார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் எர்ரர் லாகை அழித்துவிட்டு புதிதாக இன்ஸ்டால் செய்யலாம் என்றார்கள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, வேறொரு கணினியில் நானே ரீஸ்டோர் செய்து, முந்தின நாள் கடைசி சலான் எண்ணைப் பேப்பரோடு ஒத்துப் பார்க்கிறேன். ஒரு காப்பி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் டிஸ்க்கில். எஸ்.ஏ. கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. சப்போர்ட்காரர்கள் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக, அவரவர் பெயரில்தான் வர வேண்டும்.

வெளியாள் பார்க்கும் சர்வர் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே எர்ரர் லாகைத் திறந்து 18456-ஐயும் அந்த சி.எம்.டி.ஷெல் வரியையும் தேடுங்கள். உங்கள் ஆட்கள் யாரும் மாற்றாமல் அந்த வரி இருந்தால், முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் ஏ.எம்.சி.க்குப் போன் பண்ணலாம்.