கிரிமியப் போர்ப் பதக்கம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ராணுவப் பதக்கம் சேர்க்கிறவர்கள், அதிலும் கிரிமியப் போர்ப் பதக்கம் தேடுகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் ஒரு வெளிநாட்டு வியாபாரி என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்.

“சார்டினியச் சிப்பாய் ஒருவரின் ஜோடிப் பதக்கம், ஆய்வறிக்கையுடன்” என்று விளம்பரம். ஒன்று பிரிட்டன் கொடுத்த வெள்ளிப் பதக்கம்: விக்டோரியா மகாராணியின் தலை, மஞ்சள் கரை போட்ட வெளிர்நீல ரிப்பன். மற்றது துருக்கி சுல்தான் கொடுத்தது. ரஷ்யாவுக்கு எதிரான அந்தப் போரில் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி, சார்டினியா (அந்தக் கால இத்தாலிய அரசுகளில் ஒன்று) நான்கும் ஒரே அணி. பிரிட்டன் தன் பதக்கத்தைக் கூட்டாளிப் படைகளுக்கும் கொடுத்தது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

விளிம்பில் வீரரின் பெயர் இல்லையே என்று கேட்டேன். “கூட்டாளிப் படைக்குப் போனவற்றில் பெயர் பொறிக்கவில்லை, லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சரிபார்த்த பெயரும் படைப்பிரிவும் அறிக்கையில் இருக்கிறது” என்றார். அறிக்கைக்குத் தனிக் கட்டணம் வேறு.

விளம்பரப் படம் பதக்கத்தின் வட்டத்தோடு வெட்டப்பட்டிருந்தது. பார்சலைப் பிரித்த பிறகுதான் காரணம் புரிந்தது. ரிப்பனில் மூன்று கிளாஸ்ப்: ஆல்மா, இன்கர்மன், செபாஸ்டோபோல். ஓக் இலை வடிவத்தில், கலந்துகொண்ட சண்டையின் பெயர் எழுதிய வெள்ளிப் பட்டைகள் இவை. ஆல்மா சண்டை 1854 செப்டம்பர் 20, இன்கர்மன் நவம்பர் 5. சார்டினியா போரில் சேர்ந்ததே 1855 ஜனவரியில். லா மார்மோரா தலைமையில் அவர்கள் கிரிமியாவில் வந்து இறங்கியது மே மாதம். அவர்கள் பேர் வாங்கிய செர்னயா ஆற்றுச் சண்டை ஆகஸ்ட் 16. ஊருக்கே வந்து சேராத ஆள் ஆல்மாவில் எப்படிச் சண்டை போட்டார்?

அறிக்கை அதைவிட மோசம். அதில் காட்டியிருக்கும் கியூவின் டபிள்யூ.ஓ. 100 வரிசை பிரிட்டிஷ் ராணுவத்தின் பதக்கப் பட்டியல். சார்டினியச் சிப்பாயை அங்கே தேடி என்ன பயன்? துருக்கிப் பதக்கத்தில் ‘கிரிமியா’ என்பது இத்தாலிய மொழியில் இருப்பதையே பெரிய ஆதாரமாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதக்கத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, சார்டினிய என்று மூன்று வகை உண்டு; இத்தாலிய எழுத்து இருப்பது சார்டினிய வகை. பிரிட்டிஷ் வகையை ஏற்றிவந்த கப்பல் மூழ்கிப்போனதால் பிரிட்டிஷ் வீரர்கள் பலருக்கும் சார்டினிய வகைதான் கிடைத்தது. பதக்கம் சேர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

அப்புறம் விளிம்பு. பெயர் இல்லாதது மட்டும் குற்றமில்லை. பிரிட்டிஷ் வீரர்களுக்கே நிறையப் பதக்கங்கள் பெயரில்லாமல்தான் போயின, பலர் தங்கள் செலவில் பொறித்துக்கொண்டார்கள். ஆனால் என்னிடம் இருப்பதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் அரம் போட்ட கோடுகள் தெரிகின்றன. வெர்னியரில் அளந்தால் அந்த இடத்தில் விட்டம் குறைகிறது. யாரோ ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் பெயரை எப்போதோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. பெயர் அழித்த பதக்கம் விலை போகாது. அதனால்தான் அதை ‘பெயரே பொறிக்காத கூட்டாளிப் பதக்கம்’ ஆக்கிவிட்டார்.

தேதிகளை எல்லாம் எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஆய்வறிக்கை என்பது அபிப்பிராயம், அதற்கு உத்தரவாதம் கிடையாது” என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

இப்போது அவரிடம் இன்னொரு ஜோடி விற்பனைக்கு வந்திருக்கிறது. இந்த முறை சிப்பாய் பிரெஞ்சுக்காரராம். பிரெஞ்சுப் படை ஆல்மாவிலும் இன்கர்மனிலும் இருந்ததால் தேதி இடிக்காது. என் கடிதத்தை நன்றாகவே படித்திருக்கிறார். ஆனால் கூட வைத்திருக்கும் துருக்கிப் பதக்கத்தில் எழுத்து இன்னமும் இத்தாலியத்தில்தான் இருக்கிறது. விளிம்பைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.