டர்போ போய்விட்டது என்று சொன்னால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள்

மாற்றவே மாற்றாத டர்போவுக்கு, அதாவது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகத்துக்கு, 74,500 ரூபாய் கட்டியிருக்கிறேன். டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள், அதிலும் வாரண்டி முடிந்து வெளியே சர்வீஸ் விடுபவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

எங்களுடையது எக்ஸ்யூவி 500, 2016 மாடல். வீட்டில் மொத்தம் ஏழு பேர், அப்பாவுக்கு முட்டி வலி இருப்பதால் தாழ்வான காரில் ஏறி இறங்க முடியாது, அதனால்தான் இந்த வண்டி. வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. போன மாதம் எல்லோருமாகத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். மதுராந்தகம் ஏரி தாண்டியதும் பிக்கப் சுத்தமாக விழுந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் எழுபதுக்கு மேல் ஏறவில்லை, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை, பானெட்டுக்குள்ளிருந்து உஸ் என்று ஒரு சத்தம், மீட்டரில் இன்ஜின் லைட் வேறு. கோயிலுக்குப் போகாமலே மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் தென்சென்னையில் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி போட்ட ரிசப்ஷன், காபி மெஷின், யூனிஃபார்ம் போட்ட அட்வைசர் என்று எல்லாம் இருந்தது. ஸ்கேனர் போட்டுவிட்டு, "டர்போ போயிடுச்சு சார், ரிப்போர்ட்லயே வந்திருக்கு, இப்படியே ஓட்டினா இன்ஜினே சீஸ் ஆயிடும்" என்றார். வாட்ஸ்அப்பில் டர்போவின் போட்டோ ஒன்றும் எஸ்டிமேட்டும் வந்தன. அப்பாவை அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, அந்த அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த ரிப்போர்ட்டில் இருந்தது பி0299 என்ற கோட். பிறகுதான் தெரிந்துகொண்டேன், அதற்கு அர்த்தம் டர்போ போய்விட்டது என்பது இல்லை, இன்ஜினுக்கு வர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிறது. அந்த ஹோஸ் கிழிந்தாலோ கிளாம்ப் தளர்ந்தாலோ காற்று வெளியே போய்விடும், போதுமான காற்று இல்லாமல் டீசல் சரியாக எரியாது, கரும்புகை வரும், அப்போதும் இதே கோட்தான் விழும். டர்போ நிஜமாகவே போயிருந்தால் அதன் ஷாஃப்ட் ஆடும், ஆயில் குறையும், பெரும்பாலும் நீலப் புகை வரும். எங்கள் வண்டியில் ஆயில் ஒரு சொட்டு குறையவில்லை. இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நான்கு நாளில் வண்டி வந்தது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பழைய டர்போவைக் கேட்டதற்கு, "அது எக்ஸ்சேஞ்ச்ல திரும்பப் போயிடுச்சு சார்" என்றார்கள். ரீகண்டிஷன் டர்போவுக்குப் பழையதைக் கொடுத்து வாங்குவது வழக்கம்தான், ஆனால் என் பில்லில் 'டர்போ அசெம்பிளி, புதியது' என்று போட்டிருந்தார்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சரியாகப் பதினாறாவது நாள், மதுரவாயல் பைபாஸில் மறுபடியும் அதே கரும்புகை, அதே உஸ் சத்தம். இந்த முறை நண்பர் சொன்ன ஒரு பழைய மெக்கானிக்கிடம் அம்பத்தூருக்கு எடுத்துப் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போய், "சார், இங்க கைய வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. சும்மா பார்த்தால் தெரியாது, விரலால் அழுத்தினால்தான் வாய் திறக்கிறது. கிளாம்ப் ஸ்க்ரூவில் மட்டும் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் பளபளவென்று இருந்தது. கிளாம்ப்பைக் கொஞ்சம் தள்ளி இறுக்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலை அவ்வளவுதான், என் வண்டி பதினாறு நாள் ஓடியதும் அதனால்தான். பிரச்சினை எது என்று தெரிந்துகொண்டே எனக்கு டர்போ பில் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் டர்போவைக் காட்டினார். போல்ட் தலையெல்லாம் துரு, எட்டு வருஷத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு சின்னத் தகட்டில் சீரியல் நம்பர் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப்காரர்களே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'போய்விட்ட டர்போ' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு இலக்கம்கூட மாறவில்லை, அதே நம்பர். சந்தேகத்தில் ஏசி ஃபில்டரையும் கழற்றினோம், அதற்கும் 650 ரூபாய் பில்லில் இருந்தது. உள்ளே எங்கள் தெரு வேப்பமரத்துச் சருகு ஒட்டிய பழைய ஃபில்டர்.

புது ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். வண்டி இப்போது பழையபடி ஓடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டபோது முதலில் அப்படி இருக்கவே முடியாது என்றார்கள். படத்தைக் காட்டியதும் பையன் தப்பு பண்ணிவிட்டான், ரெண்டு சர்வீஸ் ஃப்ரீயாகச் செய்து தருகிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இணையத்திலேயே மனு போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் பில், மெசேஜ், படம் எதையும் அழித்துவிடாதீர்கள். வண்டி விடும்போதே டர்போ, பேட்டரி, டயர் நம்பர்களைப் போட்டோ எடுத்துவிடுங்கள், எஸ்டிமேட்டிலேயே 'பழைய பாகம் திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு, பாதிப் பணம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நேற்று போன் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கிழிந்த ஹோஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் டிக்கியிலேயே இருக்கிறது. ரப்பர் நாற்றம் வருகிறது, தூக்கிப் போடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். கேஸ் முடியும் வரைக்கும் அது அங்கேதான் இருக்கும்.