ஜெல் மெத்தையா, ஏர் குஷனா, சீட்டையே பிரித்துத் தைப்பதா? முதுகுவலி உள்ளவர்களுக்கான பைக் இருக்கை ஒப்பீடு

வண்டலூரிலிருந்து ஒரகடம் வரை தினமும் ஸ்பிளெண்டரில் போய் வருகிறவன் நான். கீழ்முதுகில் டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, கடைகளில் கிடைக்கும் மூன்று வழிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்: சீட்டின் மேல் கட்டும் ஜெல் மெத்தை, காற்றடைக்கும் ஏர் குஷன், சீட்டைப் பிரித்து ஃபோமை மாற்றித் தைப்பது. வலி காலுக்கு இறங்குகிறவர்களும், கால் மரத்துப்போகிறவர்களும் இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே முறை. இந்த ஒப்பீடு மற்றவர்களுக்கானது.

பைக்கில் நம் உடலுக்கு வரும் அதிர்வு இரண்டு வகை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் மெத்தை வாங்கினால் பணம் வீணாகும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது எழும் நடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ 67 முறை. பிட்டமும் தொடையும் மரத்துப்போவதில் இதற்குப் பங்கு உண்டு. பள்ளத்திலும் ஸ்பீடு பிரேக்கரிலும் வரும் குலுக்கலோ மிக மெதுவானது, ஆனால் உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு 4 முதல் 6 முறை வரையிலான மேல்கீழ் அசைவையே பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், முதுகெலும்பைப் பதம் பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான். இதோடு உட்காரும் கோணமும் சேர்கிறது: சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் நாம் டேங்க் பக்கம் வழுக்கி, இடுப்பு பின்னால் மடங்கி, நிமிர்ந்திருக்க வேண்டிய கீழ்முதுகு வளைந்துபோகும்.

ஜெல் மெத்தை முதல் வகை நடுக்கத்தை ஓரளவு அடக்குகிறது. முதுகுக்கு அதனால் பெரிய பயனில்லை. ஒரு விரல் தடிமனுள்ள ஜெல், பள்ளத்தில் விழும் வண்டியின் அடியைத் தாங்க முடியாது. அதைவிட, நம் ஊர் வெயிலில் மதியம் வரை நின்ற வண்டியில் ஜெல் மெத்தையின் மேல் உட்காருவது தோசைக்கல்லில் உட்காருவதற்குச் சமம். உள்ளே ஏறிய சூடு எளிதில் இறங்குவதில்லை. இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டேன்.

ஏர் குஷனின் கதை வேறு. ஒன்றோடொன்று இணைந்த சிறு அறைகளுக்குள் காற்று நகர்வதால், பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள்மேல் குவியும் எடை பரவலாகிறது, அடியில் காற்றோட்டமும் இருக்கிறது. பலரும் இதைக் குறை சொல்வதற்குக் காரணம் பந்து போலக் காற்றை நிரப்பிவிடுவதுதான். நிரப்பிய பிறகு வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே வால்வைத் திறந்து, நம் எலும்பு சீட்டைத் தொடாமல் மயிரிழையில் மிதக்கும் அளவுக்குக் காற்றை வெளியேற்ற வேண்டும். சரியாக வைத்தால் நெடும்பயணத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் நகர நெரிசலில் அடிக்கடி காலை ஊன்றும்போது உடல் லேசாக ஆடுகிறது. உயரமும் சற்றுக் கூடும். 805 மில்லிமீட்டர் உயரச் சீட் உள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கும் குள்ளமானவர்களுக்கு அந்தச் சிறு உயரமும் சிரமம்தான்.

சீட்டைப் பிரித்துத் தைப்பதே என் தேர்வு. நான் போன கடையில் வேலை செய்த பெரியவர் அடியிலிருந்த ஸ்டேப்பிள் பின்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, ரெக்சினை உரித்து, பழைய ஃபோமின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருந்த குழியைக் காட்டினார். இன்னும் மெத்தென்று வைத்துத் தருமாறு நான் கேட்டதற்கு, “பஞ்சு ஏத்துனா வலி போகாது சார், சரிவை எடுக்கணும்” என்றார். ஹேக்ஸா பிளேடால் குழிந்த பகுதியை அறுத்தெடுத்து, கெட்டியான ஃபோமை ரப்பர் சொல்யூஷனால் ஒட்டி, முன்பகுதியைத் தூக்கிச் சமப்படுத்தி, மேலே மட்டும் அரை அங்குலம் மென்ஃபோம் வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது: மிக மென்மையான ஃபோம் முதல் கால் மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு அடிவரை நசுங்கி, கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டே நம்மைத் தாங்கும். புதுச் சீட் முதல் வாரம் பலகை போல இருந்தது, அதன் பிறகு வேலைக்குப் போய் இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிரும் வழக்கம் நின்றது.

இதன் குறை, பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியாது என்பது. பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு பழைய சீட்டை வாங்கி அதை அறுக்கக் கொடுத்துவிட்டு, வண்டியோடு வந்த சீட்டை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. தையல் வழியே மழைநீர் இறங்கினால் ஃபோம் ஊறி நாறும் என்பதால், உட்காரும் இடத்தில் தையல் வராமல் தைக்கச் சொல்ல வேண்டும்.

முதுகு வலிக்கிறது என்று அவெஞ்சர் போன்ற தாழ்ந்த வண்டிக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சொல். 737 மில்லிமீட்டர் சீட் உட்கார வசதிதான்; ஆனால் கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால், பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டு எழ முடியாது, அடி முழுவதும் இடுப்புக்குத்தான்.

மூன்றில் எதற்கும் செலவழிப்பதற்கு முன் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் எந்தப் படியில் இறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் ஐந்து படிகளும், கிளாசிக் 350-இல் ஆறு படிகளும் உண்டு. இருவர் எடைக்காகக் கடைசிப் படியில் இறுக்கி வைத்த ஸ்பிரிங், ஒருவர் மட்டும் ஓட்டும்போது இறங்கிக் கொடுக்காது. என் வண்டி அப்படித்தான் இருந்தது. மெக்கானிக் இரண்டு படி குறைத்ததற்குக் காசு கூட வாங்கவில்லை. ஏர் குஷனைக் காற்றிறக்கி மடித்து வைத்திருக்கிறேன். திருவண்ணாமலை போகும்போது மட்டும் வெளியே வரும்.